கரைக்கு வந்த உயிர்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இன்று கூறப் புகுகின்றேன். அதனை இதுகாறும் இப்பகுதியில் எழுதாமைக்குக் காரணம் நாணமே என்பதை முதலிலேயே ஒளியாது சொல்லிவிடுதல் நன்று.

தைப்பொங்கல் கழிந்த வாரம். வாடைக்காற்று ஓயவில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள மணற்குன்றுகளையும், அவற்றைப் பிடித்து நிறுத்தும் அடம்பன் கொடியையும் இராவணன்மீசைப் புல்லையும் காட்டுவதே நோக்கம். மணலிற் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் சுவர்களைக் கடந்து கரைக்கு இறங்கியபோது, சற்றுத் தொலைவில் ஆட்கள் கூடி நிற்பதைக் கண்டோம்.

நடுவே ஓர் ஓங்கில் கிடந்தது. ஏறத்தாழ ஆறடி நீளம். ஒரு பக்கமாகச் சரிந்து, கீழ்ப்பக்கத்துத் துடுப்பு மணலில் மடங்கிக் கிடந்தது. இடையிடையே அதன் உச்சியிலிருந்து 'புஸ்' என்றொரு மூச்சு வெளிப்பட்டது. கண் திறந்திருந்தது. அக்கண் எங்களைப் பார்த்ததா, வெறுமனே திறந்திருந்ததா என்பதை நான் அறியேன்.

கூடி நின்றோர் அனைவரும் நல்லவர். அவ்வுயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணமுடையவர். அவர்கள் நடுவே யான் பட்டதாரி ஆசிரியன். பாலூட்டிகளின் சுவாசத் தொகுதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைபவன். ஆகவே எல்லோரும் என் முகத்தைப் பார்த்தனர். நானும் தயங்காமல், "வாளியில தண்ணி அள்ளித் தலையில ஊத்துங்கோ" என்றேன். மாணவர் ஓடி ஓடி ஊற்றினர். மூன்றாம் வாளியின்போது ஒரு மாணவன் கையை நிறுத்தி, "சேர், இதெல்லோ அதின்ர மூக்கு?" என்று கேட்டான். நான் விடை கூறுமுன் கூட்டத்தில் ஒருவர், "மீன்சாதிக்குத் தண்ணிதானே தம்பி உயிர்" என்றார். நான் மறுக்கவில்லை. நாலாம் வாளியும் ஊற்றப்பட்டது.

பின்னர் வாலிற் கயிறு கட்டி நாலைந்து பேராக இழுத்துக் கடலில் விட்டோம். எல்லோரும் கைதட்டினர். கால்மணி நேரம் கழிந்தது. அலை அதனை மறுபடியும் கொணர்ந்து சற்றுத் தெற்கே போட்டது. இப்போது மூச்சு இல்லை.

கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர் அதுவரை பேசாது நின்றவர், என் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "அதுக்கு இளைப்பு, தம்பி. இளைச்சுக்கொண்டு கிடந்த ஆளைக் கிணத்துக்கை தள்ளினமாதிரிச் செய்துபோட்டம்."

திரும்பும் வழியில் பேருந்தில் எவரும் பேசவில்லை. பருத்தித்துறையை அண்மியபோது, கேள்வி கேட்ட அம்மாணவன் மட்டும், "நீங்கள் படிப்பிச்சனீங்கள்தானே சேர், அதுக்கு மூக்கு உச்சியில எண்டு" என்றான். அவன் குற்றஞ்சாட்டவில்லை, தான் படித்தது சரிதானா என்று உறுதிசெய்துகொண்டான். நான் "ஓம்" என்றேன்.

அன்றிலிருந்து இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தும், கடலறிந்தோரிடம் கேட்டும் வருகின்றேன். கடலாற் சூழப்பட்ட நமது குடாநாட்டில், இத்தகைய உயிர் நாளையே நம்மில் எவர் கண்முன்னும் கரையொதுங்கலாம். அறியாத அன்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் அறிந்துகொண்ட விலையை வாசகரும் கொடுத்தல் வேண்டா.

மீன் அல்லாத மீன்

திமிங்கிலம் என்னும் சொல்லே மீனைக் குறித்துப் பிறந்ததாகும். திமி என்பது பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று நம் முன்னோர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சென்றனர். கற்பனை பெரிதே, ஆனால் உண்மை அதனினும் வியப்புடையது. திமிங்கிலமும் ஓங்கிலும் நம்மைப் போன்று சுவாசப்பை உடையன, வெப்பக் குருதி உடையன, கன்றீன்று பாலூட்டுவன. அவற்றின் மூக்குத் துவாரம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது, அவ்வளவே வேற்றுமை. நீருக்குள் மூச்சை அடக்கி, மேலே வந்து ஊதி, மறுபடி இழுத்துக்கொண்டு தாழ்கின்றன. அத்துவாரத்தில் நீர் புகுந்தால் நமக்கு நேர்வது எதுவோ அதுவே அவற்றிற்கும் நேரும்.

கடற்பசு எனவும் ஆவுளியா எனவும் வழங்கும் சாதுவான விலங்கும் பாலூட்டியே. ஆயினும் அது திமிங்கிலத்துக்கு உறவன்று, யானைக்கே உறவு. மன்னார் வளைகுடாவிலும் பாக்குநீரிணையிலும் ஆழங்குறைந்த இடங்களில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. அதன் மூக்கு முகத்தின் முனையிலேயே இருக்கிறது. ஒருகாலத்தில் மந்தையாகக் காணப்பட்ட இவ்விலங்கு இன்று மிக அருகிவிட்டது. இதன் இனத்ததாகிய வடபசிபிக்குக் கடற்பசு ஒன்று 1741இல் ஐரோப்பியர் கண்ணிற் பட்டது. வேட்டைக்கு ஆளாகி 1768 அளவில் அற்றேபோயிற்று. ஓரினம் முழுவதும் அழிய இருபத்தேழு ஆண்டுகள் போதுமாயின.

ஏன் கரையேறுகின்றன?

இதற்கு ஒற்றை விடை இல்லை. நோயுற்றும் முதுமையாலும் வலுவிழந்த விலங்கு, நீந்த மாட்டாமல் அலையொடு அலையாக வந்து ஒதுங்குதல் ஒன்று. வலையிற் சிக்கியோ கப்பலில் அடிபட்டோ காயமுற்று வருதல் மற்றொன்று. இவ்விரண்டுமே தனியாக ஒதுங்கும் விலங்குகளிற் பெரும்பாலனவற்றுக்குப் பொருந்தும்.

கூட்டமாகக் கரையேறுதல் வேறொரு கதை. இதிற் பெயர்பெற்றது வழிகாட்டித் திமிங்கிலம் எனப்படும் கருநிறமான இனம். பானை கவிழ்த்தாற் போன்ற நெற்றியும் பதினைந்தடிக்கு மேலான நீளமும் உடையது. தாயும் மகளும் பேர்த்தியுமாக ஒரே குடும்பமாய் ஆழ்கடலில் வாழ்வது. ஒன்று தவித்தால் மற்றவை விட்டு அகலா. ஒலியெழுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு வழியறியும் இவ்விலங்குகளுக்கு, மெல்லெனச் சரியும் மணற்கரை எதிரொலியைச் செவ்வனே தருவதில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. முன்சென்ற ஒன்று தடுமாறி ஆழமற்ற நீருக்குள் புகுந்தால், பின்னுள்ளவை அதன் குரலைக் கேட்டுத் தாமும் புகுகின்றன. குடும்பப் பாசமே கூட்டத்தோடு சாவதற்குக் காரணமாதல் இங்கே காணப்படுகிறது.

தமிழகத்துத் திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டுக் கரை இதற்குச் சான்று. 1973ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மன்னார் வளைகுடாவின் அக்கரையோரத்தில் 147 திமிங்கிலங்கள் கரையேறின. நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டின் அதே ஜனவரி மாதத்தில், அதே மணப்பாட்டை அண்டிய கரையில் எண்பதளவான திமிங்கிலங்கள் மறுபடியும் ஒதுங்கின. மீனவர் இரவிரவாகப் படகுகளோடு போராடி அவற்றை ஆழத்துக்குக் கொண்டுசென்று விட்டனர். விடப்பட்டவற்றுட் பல திரும்பி வந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன.

நமது நாட்டின் அனுபவம் சற்று ஆறுதலளிப்பது. 2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில் திருகோணமலையின் சம்பூர்க் கரையில் ஏறத்தாழ 20 வழிகாட்டித் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊரவரும் சேர்ந்து அவற்றைக் கடலுக்குத் திருப்பினர். 2020 நவம்பர் 2ஆம் நாள் பாணந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவை கரையேறின. இலங்கையிற் பதிவான கூட்டக் கரையேற்றங்களில் அதுவே மிகப் பெரிது. அப்போது மேல் மாகாணத்தில் கொரோனா ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. அதற்கிடையிலும் கடற்படையினர், கரையோரக் காவற்படையினர், அயலூர் இளைஞர் எல்லோரும் இடுப்பளவு நீரில் விடியும்வரை நின்றனர். நீர்விளையாட்டுக்குரிய சிறு இயந்திர ஓடங்களைக்கொண்டு ஒவ்வொன்றாக ஆழத்துக்கு இழுத்துச் சென்றனர். காலையிற் பார்த்தபோது ஒரு சிலவே இறந்திருந்தன, ஏனையவை கடலேகின.

மணப்பாட்டையும் பாணந்துறையையும் ஒப்புநோக்குவோர்க்கு, எத்தனை விரைவாகச் செய்தி சென்றது, எத்தனை கைகள் ஒருமிக்க வேலைசெய்தன, விடப்பட்டவை கூட்டமாகச் சேர்ந்தனவா என்னும் வினாக்கள் எழும். உலகெங்கும் இவ்வினாக்களே முதன்மையானவை. 2020 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் ஏறத்தாழ 470 திமிங்கிலங்கள் கரையேறின. பயிற்சிபெற்றோர் பல நாள் பாடுபட்டும் நூறு அளவிலேயே காப்பாற்ற இயன்றது.

மனிதனின் கையும் சிலவேளை இதில் உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பகாமாத் தீவுகளில் 17 விலங்குகள் கரையொதுங்கின. நீர்மூழ்கிகளைக் கண்டறிய அமெரிக்கக் கடற்படை எழுப்பிய பேரொலியே அதற்குக் காரணமாக இருத்தல் வேண்டும் என்று அந்நாட்டு அரசின் ஆய்வே பின்னர் கூறிற்று. செவியை விழியாகக் கொண்டு வாழும் உயிருக்குப் பேரிரைச்சல் என்பது கண்ணில் மண் தூவுதலையே ஒக்கும்.

கரையில் அதற்கு நேர்வது என்ன?

நீரில் வாழும்போது அதன் எடையை நீர் தாங்குகிறது. மணலில் அவ்வெடை முழுவதும் அதன் நெஞ்சின்மேலேயே இறங்குகிறது. தன் உடலே தனக்குப் பாறாங்கல்லாகிச் சுவாசப்பையை அழுத்துகிறது. நெடுநேரம் அழுந்திய தசைகள் சிதைந்து, அச்சிதைவிற் பிறந்த நச்சுப்பொருள் குருதியிற் கலக்கிறது. ஆதலாலேயே, பல மணிநேரம் கரையிற் கிடந்த பெரிய திமிங்கிலம் கடலுக்கு மீண்ட பின்னரும் இறந்துபோவதுண்டு.

அடுத்தது வெப்பம். தோலின் கீழுள்ள தடித்த கொழுப்பு ஆழ்கடற் குளிருக்காக அமைந்த போர்வை. நமது பங்குனிச் சித்திரை வெயிலில் அப்போர்வையோடு கிடப்பதை எண்ணிப் பாருங்கள். விலங்கு தன் வெப்பத்தைத் துடுப்பு, வால், முதுகுச்செட்டை ஆகியவற்றின் வழியாகவே வெளியேற்றும். ஆகவே அவ்வுறுப்புகள் நனைந்திருத்தல் மிக இன்றியமையாதது. மெல்லிய தோலும் வெயிலில் வெடித்துக் கொப்புளமிடும்.

இவையனைத்துக்கும் மேலாக அச்சம். சத்தமும் தொடுகையும் நாய்க் குரைப்பும் அதனை அலைக்கழிக்கின்றன. அச்சமே சிலவற்றின் உயிரை வாங்கிவிடும்.

கண்டவர் செய்யவேண்டியவை

முதலாவது, அருகே ஓடுமுன் செய்தி சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. பொலிசாரின் இலக்கம் 119. அண்மையிற் கடற்படை முகாம் இருப்பின் அங்கும் ஆளனுப்புங்கள். எந்த ஊர், கரையில் எவ்விடம், எத்தனை விலங்குகள், உயிருண்டா, ஏறத்தாழ என்ன நீளம், காயமுண்டா என்ற இவற்றைச் சொல்லுதல் வேண்டும். கைத்தொலைபேசியிற் படமெடுத்து அனுப்பினால் இனத்தை அறிஞர் உடனே கண்டுகொள்வர். நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று ஒருவர் எண்ணிக் குறிக்கட்டும். அக்கணக்கு மருத்துவர்க்குப் பெரிதும் பயன்படும்.

இரண்டாவது, கூட்டத்தை விலக்குங்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவர், கடற்றொழிலாளர் சங்கத் தலைவரோ கிராம அலுவலரோ ஆசிரியரோ, இப்பொறுப்பை ஏற்றல் நன்று. நாய்களைக் கட்டுங்கள். விலங்கின்மேல் ஏறிப் படமெடுத்துக்கொள்ளும் இழிவைத் தடுத்து நிறுத்துங்கள். வேலைக்கு ஐந்தாறு பேர் போதும்.

மூன்றாவது, அது சரிந்து கிடப்பின், சிறிய விலங்காயின், பலர் சேர்ந்து மெல்ல வயிறு கீழாக நிமிர்த்தி, இருபுறமும் ஈரமணலை அணைத்து நிறுத்துங்கள். துடுப்புகளின் கீழே குழி தோண்டி நீர் நிரப்பினால் அவை மடங்காமலும் குளிர்ந்தும் இருக்கும். பெரிய திமிங்கிலத்தை நிமிர்த்த முயலல் ஆகாது. அது புரண்டால் அருகில் நிற்பவர் உயிர் போகும்.

நான்காவது, உடலை நனையுங்கள். பழைய சேலை, வேட்டி, படுக்கை விரிப்பு எதுவாயினும் நனைத்துப் போர்த்தலாம். உச்சியிலுள்ள மூச்சுத் துவாரத்தின்மேல் துணியோ நீரோ மணலோ படவே கூடாது. என் மாணவன் கேட்ட கேள்வியை ஒவ்வொரு வாளிக்கும் முன்பாக ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆவுளியாவாயின் மூக்கு முகமுனையில் உள்ளது. அங்கே கவனம் வேண்டும். வெயில் கடுமையாயின் நாலு கம்பு நட்டுக் கிடுகாலோ படங்காலோ நிழல் செய்யுங்கள்.

ஐந்தாவது, வாலிற் கயிறு கட்டி இழுக்காதீர்கள். துடுப்பைப் பிடித்தும் இழுக்காதீர்கள். முள்ளந்தண்டும் மூட்டும் விலகிவிடும். தூக்க நேர்ந்தால் தடித்த படங்கை உடலின் கீழ்ச் செலுத்தி, ஏணையில் தூக்குவது போலப் பலர் சேர்ந்து தூக்குதல் வேண்டும்.

ஆறாவது, உடனே கடலிற் தள்ளிவிடும் ஆசையை அடக்குங்கள். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. தனியே ஒதுங்கிய விலங்கு பெரும்பாலும் நோயுற்றது. மூச்சுக்கு இடம்தேடியே கரையை நாடியிருக்கலாம். அறிந்தவர் பார்த்து முடிவுசெய்யட்டும். கூட்டமாக வந்தவை நலமுடையனவாக இருக்கலாம். அவற்றை மீட்டல் இயலும். ஆயின் ஒன்றொன்றாக விடாமல், நீரில் தாங்கிப் பிடித்து, மெல்ல ஆட்டி, சமநிலை மீண்டபின் இயன்றவரை எல்லாவற்றையும் ஒருமிக்க விடுதல் வேண்டும். தனியே விடப்பட்டது கரையிலுள்ள உறவின் குரல் கேட்டுத் திரும்பும். கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது.

பெருக்கும் வற்றும் பல மீற்றர் வேறுபடும் நாடுகளில், நீர்ப்பெருக்கு வரும்வரை காத்திருந்து விலங்கை மிதக்கவிடுவர். நமது கடலில் அவ்வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே பெருக்கு நமக்குச் சிறு துணையே. ஆளும் படகுமே பெருந்துணை. இதனைப் பிறநாட்டுக் குறிப்புகளைப் படிப்போர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஏழாவது, உங்களையும் காத்துக்கொள்ளுங்கள். வாலின் பக்கம் நில்லாதீர்கள். அதன் மூச்சுக்காற்று முகத்திற் படாதவாறு வாய் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அவ்விலங்குகளின் நோய்க்கிருமிகளிற் சில மனிதரையும் தொற்றவல்லன. கையிற் புண்ணுடையோர், கருவுற்ற பெண்கள், சிறுவர் ஆகியோர் அகன்றே நிற்கட்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

வலையிற் சிக்கிய ஆவுளியா பற்றி ஒரு சொல். அதுவும் மூச்சுக்கு மேலே வரவேண்டிய உயிர். சில நிமிடங்கள் நீருக்குள் அமிழ்ந்திருந்தாலே மாண்டுவிடும். வலையை அறுத்தேனும் தலையை மேலே தாங்கி விடுவித்தல் வேண்டும். வலையின் விலை ஏழைக் குடும்பத்துக்குச் சிறிதன்று என்பதை நான் அறிவேன். பாக்குநீரிணையின் அக்கரையில், இவ்வாறு விடுவித்த மீனவர்க்குத் தமிழக வனத்துறையினர் பாராட்டும் பணப்பரிசும் வழங்கி வருகின்றனர். அக்கடலில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டெம்பரில் அறிவித்தது. ஒரே கடலின் இக்கரையிலும் அத்தகைய ஊக்கம் கிடைக்குமாயின், வலையை அறுக்கும் கை தயங்காது.

இறந்து ஒதுங்கினால்

இறந்த உடலால் என்ன பயன் என்று கருதுதல் தவறு. 1963 ஜனவரி 26ஆம் நாள் இரத்மலானைக் கரையில் ஏறத்தாழ 4.5 மீற்றர் நீளமான திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அப்போது தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல அதனை ஆராய்ந்து, உலகறியாத புதிய இனம் என்று கண்டார். அலகு கூரியது என்னும் பொருள்பட, சிங்களச் சொற்களைக் கொண்டே 'ஹோட்டவுலா' எனப் பெயரிட்டார். பிறநாட்டு அறிஞர் 1965இல் அதனை வேறொரு இனத்தோடு சேர்த்துக் கணக்கை முடித்துவிட்டனர். அரை நூற்றாண்டு கழிந்து, இந்துமா சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் தொலைதூரத் தீவுகளில் ஒதுங்கிய உடல்களின் பாரம்பரியப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, தெரணியகல சொன்னதே சரி என்று 2014இல் உலகம் ஒப்புக்கொண்டது. கரையில் ஒதுங்கிய உடலை எவரும் உடனே புதைத்திருந்தால், அல்லது கொழுப்புக்காக வெட்டியிருந்தால், அவ்வினத்தின் பெயர் நம் நாட்டு மொழியொன்றில் வழங்கியிராது. கொழும்பு நூதனசாலையில் நாம் அண்ணாந்து பார்க்கும் நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் 1894இல் அம்பலாங்கொடையிற் கரையொதுங்கியதே.

ஆகவே இறந்த உடலுக்கும் செய்தி சொல்லுதல் வேண்டும். வெட்டுதலும் பல்லெடுத்தலும் ஆகா. திமிங்கிலமும் ஓங்கிலும் ஆவுளியாவும் இந்நாட்டில் சட்டத்தாற் காக்கப்பட்டவை. பழந்தமிழில் ஓர்க்கோலை எனப்படும் அம்பரைத் தேடி வயிற்றைக் கிழிப்போரும் உளர். அப்பொருள் விந்துத் திமிங்கிலத்தின் குடலில், அதுவும் மிகச் சிலவற்றிலேயே உண்டாவது. அதனைத் தேடிச் செல்வோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது துர்நாற்றமும் வழக்குமே. அழுகும் உடலுள் வாயு திரண்டு வெடித்தலும் உண்டு. 2004 ஜனவரியில் தாய்வானின் தைனான் நகரத் தெருவில், வண்டியில் ஏற்றிச் சென்ற திமிங்கிலம் வெடித்துக் கடைகளையும் வாகனங்களையும் நனைத்தது.

அறியாமைக்குச் செல்வ நாடும் விலக்கன்று. 1970 நவம்பரில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், கரையொதுங்கிய திமிங்கில உடலை அகற்ற நெடுஞ்சாலைப் பகுதியினர் அரைத் தொன் வெடிமருந்து வைத்தனர். சிதறுண்டவற்றைக் கடற்பறவைகள் தின்றுவிடும் என்பது அவர்தம் கணக்கு. வெடித்த வேகத்தில் பறவைகள் பறந்தோடின. கால் மைல் தொலைவில் நின்ற மோட்டார் வண்டியின் கூரையை ஒரு துண்டு நசுக்கியது. உடலின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது. இதனை வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர். நானும் சிரிப்பேன். ஆயினும் மணற்காட்டில் நின்றவன் என்ற முறையில் என் சிரிப்பு விரைவில் அடங்கிவிடும்.

மரியாதையும் அறிவும்

வியட்நாம் நாட்டுக் கரையூர்களில் திமிங்கிலத்துக்குக் கோவில் உண்டு. புயலிற் சிக்கிய படகைத் தாங்கிக் கரைசேர்க்கும் தெய்வம் என்று அந்நாட்டு மீனவர் அதனை வழிபடுவர். இறந்து ஒதுங்கியதை ஈமக்கடன் செய்து அடக்கம்பண்ணி, காலம் கழித்து எலும்பை எடுத்துக் கோவிலில் வைப்பர். முதலிற் கண்டவர் மூத்த மகனின் நிலையில் நின்று துக்கம் காப்பதும் அங்கு வழக்கம். நமக்கு இத்தகைய வழக்கம் இல்லை. எனினும் எவ்வுயிரும் இறைவன் குடியிருக்கும் இடம் என்று கேட்டு வளர்ந்தவர் நாம். அன்று மணற்காட்டில் ஓடி ஓடி நீரூற்றிய மாணவரிடம் இரக்கத்துக்குக் குறைவிருக்கவில்லை.

குறைந்தது அறிவு, அதுவும் இருந்தும் பயன்படாத அறிவு. என் வயதினர்க்குக் கடல் என்பது பிள்ளைப் பருவத்தில் முட்கம்பிக்கு அப்பாற் கேட்ட ஓசை. போர்க்காலத்திற் குடாநாட்டின் கரைகள் பல மூடப்பட்டுக் கிடந்தன. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017இலேதான். பாட்டன்மார் காற்றையும் நீரோட்டத்தையும் உயிர்களையும் அறிந்து வைத்திருந்த அறிவு, ஒரு தலைமுறையைத் தாண்டி வந்துசேர இயலாது தடைப்பட்டது. நாம் நூலிற் படித்தோம்; கரையிற் படிக்கவில்லை. அக்கரைவலை முதியவர் கரையிற் படித்தவர். அவரை நாங்கள் எவரும் கேட்கவில்லை. தாமே முன்வந்து பட்டதாரிக்குப் புத்தி சொல்ல அவரும் கூசினார். மூன்றாம் வாளியில் என் மாணவன் கேட்டதையும், அவர் கேட்காமலே அறிந்திருந்ததையும் ஒன்று சேர்த்திருந்தால், அவ்வுயிர் ஒருவேளை பிழைத்திருக்கலாம். பிழையாமலும் போயிருக்கலாம். ஆனால் நம் கையால் மூச்சடைத்துப் போயிராது.

ஆகவே இரு வேண்டுகோள்கள். கரையூர்ப் பாடசாலைகளில் ஆண்டுக்கு ஒருநாள் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஈரமணலில் ஓர் ஓங்கிலின் உருவைச் செய்து வைத்து, இதனை எவ்வாறு காப்பது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். ஊரின் மூத்த கடற்றொழிலாளர் ஒருவர் அங்கே ஆசிரியராக இருக்கட்டும். கடற்றொழிலாளர் சங்க மண்டபங்களின் சுவரில் 1992 என்னும் இலக்கத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

என் வகுப்பறையில் பாலூட்டிகளின் பாடம் வரும்போதெல்லாம் இப்போது நான் ஓங்கிலைக் கரும்பலகையில் வரைவதுண்டு. மூச்சுத் துவாரம் இருக்குமிடத்தில் நானாகப் புள்ளி இடுவதில்லை. வெண்கட்டியை ஒரு மாணவனிடம் நீட்டி, "மூக்கு எங்கை?" என்று கேட்பேன். அவன் எழுந்து வந்து புள்ளியிட்ட பின்னரே அடுத்த பாடத்துக்குச் செல்வேன்.